மணலுக்கு மீட்டர் வைப்பது

மதுரைக்காரனுக்குப் பாலைவனத்தோடு என்ன வேலை என்று எங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். மணல்தானே வேண்டும், வைகைக்குள் இறங்கி நின்றால் போதாதா என்ற கேலியும் அதோடு சேர்ந்து வரும். வைகையில் அள்ளியது போக மிச்சமிருப்பது கருவேலமும் கட்டாந்தரையும்தான் என்பது வேறு கதை. ஆனாலும் கடந்த எட்டு ஆண்டுகளில் என் கேமராவில் நான் அதிகம் எடுத்தது மணலைத்தான். முதலில் ஜெய்சால்மரில், பிறகு பல முறை திருச்செந்தூருக்கு அருகிலுள்ள தேரிக்காட்டில், சென்ற ஜனவரியில் மறுபடியும் ஜெய்சால்மரில். முதல் பயணத்தில் எடுத்தவற்றில் ஒரு படம்கூட இன்று யாருக்கும் காட்டும்படியாக இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளத்தான் மற்றப் பயணங்கள் எல்லாம் தேவைப்பட்டன.

முதல் பயணம் நண்பர்கள் நால்வரோடு போனது. ஜோத்பூரிலிருந்து இரவு ரயிலில் ஜெய்சால்மர் போய் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவிலுள்ள சம் மணல்மேடுகளுக்கு வாடகை ஜீப் பிடித்தோம். ஓட்டுநர் எங்களைப் பிற்பகல் இரண்டு மணிக்கே மேட்டடியில் இறக்கிவிட்டார். ஒட்டகச் சவாரி, ஆளாளுக்குச் செல்ஃபி, கடலை, தேநீர் என்று மாலை கழிந்தது. இருட்டியதும் கூடாரத்தில் ஆட்டமும் சாப்பாடும். மறுநாள் நாங்கள் எழுந்தபோது மணி எட்டரை. அப்படியும் 600 படங்களுக்கு மேல் எடுத்திருந்தேன். ஊர் திரும்பிக் கணினியில் திறந்து பார்த்தால், கண்ணுக்குப் பொன்னாகத் தெரிந்த மணல் முழுவதும் நனைந்த சிமெண்ட் நிறத்தில் கிடந்தது. மேடு எது, பள்ளம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு லட்ச ரூபாய்க்குக் கேமராவும் லென்ஸும் வாங்கியவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் நீண்டகாலம் ஸ்டுடியோ நடத்திய அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஃபிலிம் காலத்திலிருந்தே மதுரைக் கல்யாணங்களை எடுத்துப் பழகிய கை. படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு அவரிடம் எடுத்துப் போனேன். பத்துப் படங்களை நகர்த்தியதும் மௌஸை விட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, மாப்பிள்ளை வேட்டியைப் பார்த்து மீட்டர் வச்சிருக்கீங்க" என்றார்.

கேமராவுக்குள் இருந்து வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதிரில் நிற்பது மணலா, வேட்டியா, எருமையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக, அதாவது மேலே விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருளாக எண்ணிக்கொண்டுதான் அது கணக்குப் போடும். பட்டு வேட்டி சட்டையில் நிற்கும் மாப்பிள்ளையைச் சட்டகம் நிறைய வைத்தால், வெள்ளையைச் சாம்பலாக்கும் முயற்சியில் மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வேட்டி அழுக்காகும், மாப்பிள்ளை கருத்துப்போவார், பெண் வீட்டார் ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்பார்கள். தார் பாலைவனத்தின் வெளிர்மஞ்சள் மணலும் வேட்டிக்குத் தம்பிதான். இன்றைய கேமராக்கள் காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து அளப்பவையாக இருந்தாலும், சட்டகத்தின் முக்கால் பங்கை ஒரே வெளிர்நிறம் அடைத்துக்கொண்டால் இந்தப் பழைய பிழை திரும்பி வந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு கேமராவிலேயே இருக்கிறது. எக்ஸ்போஷர் திருத்தப் பொத்தானை +0.7 முதல் +1.3 ஸ்டாப் வரை ஏற்றிவைத்து எடுக்க வேண்டும்; ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். எவ்வளவு என்பது மணலின் வெளுப்பையும் அது சட்டகத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதையும் பொறுத்தது. அண்ணனின் வழி இதைவிட எளியது. மணல்மேல் விழும் அதே வெயிலில் உள்ளங்கையை நீட்டி, அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்வார். உள்ளங்கை சாம்பல் அட்டையைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. ஆள் கறுப்போ சிவப்போ, உள்ளங்கை மட்டும் பெரிதாக மாறுவதில்லை. ஆயிரக்கணக்கான கல்யாணங்களை அந்தக் கையை வைத்தே கரையேற்றியிருக்கிறார். படத்தில் இருட்டு இடப்புறமும் வெளிச்சம் வலப்புறமுமாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராமையும் நான் சேர்த்துப் பார்க்கிறேன்: வெளிர்மணல் காட்சியில் மலை போன்ற அந்த வரைபடம் நடுவுக்கு வலப்புறம் நகர்ந்து, வலது சுவரில் முட்டாமல் நிற்க வேண்டும். கேமராவின் திரையில் தெரியும் படத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. கொளுத்தும் வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும், இரவில் அதே படம் பளிச்சென்று ஏமாற்றும்.

மீட்டர் பாடம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். சிமெண்ட் நிறம் போயிற்று, ஆனால் மேடுபள்ளம் வரவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட மணலில் நின்று பார்ப்பதே நல்லது என்று தோன்றியது. அதற்காக ஒவ்வொரு முறையும் ராஜஸ்தானுக்குப் போக என் சம்பளமும் விடுப்பும் இடம் கொடுக்காது. அப்போதுதான் தேரி நினைவுக்கு வந்தது.

தேரி என்பது தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டி உள்ள செம்மணல் மேடுகள். திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் பக்கத்திலுள்ள குதிரைமொழித் தேரி அவற்றில் பெயர்பெற்றது. மணல்துகள்களின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்றுக்கு இந்த மேடுகளைக் குவித்ததிலும் நகர்த்தியதிலும் பெரும் பங்கு உண்டு. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் ஏறக்குறைய 180 கி.மீ. நள்ளிரவு ஒன்றரைக்குக் கிளம்பினால், எட்டயபுரம் பக்கம் ஒரு டீயைக் குடித்துவிட்டு, விடிவதற்கு முன்பே மணலில் நிற்கலாம். காலை பத்து மணிக்கு வேலை முடிந்துவிடும். இரண்டு மணிக்கு வீட்டில் சாப்பாடு.

பாலைவனம் என்று தேரியைச் சொன்னால் புவியியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வது சரி. மழை பெய்யும் இடம் அது. பனையும் உடைமரமும் முந்திரியும் நிற்கின்றன, மேடுகள் பலவும் செடிகொடிகளால் கட்டுண்டு நிற்பவை. ஆனால் காற்று, மணல், தாழ்ந்த வெயில் ஆகிய மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைக் கற்க இதைவிடப் பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

முதல் நாளே அந்தப் பள்ளிக்கூடம் பிரம்பை எடுத்தது. ஜெய்சால்மர் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு போன நான் +1 வைத்து எடுத்தேன். மணல் முழுவதும் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல ஒரே சிவப்பாக, ஒரு மடிப்பும் தெரியாமல் வந்தது. ஹிஸ்டோகிராமோ நல்ல பிள்ளையாக நடுவில் இருந்தது. பிறகுதான் புரிந்தது: சாதாரண ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் கலந்து ஒரே கோடாகக் காட்டுகிறது, செம்மணலில் சிவப்புத் தடம் மட்டும் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, பச்சையும் நீலமும் காலியாகக் கிடப்பதால் கூட்டுக்கணக்கு சரியாகத் தோன்றுகிறது. மெனுவுக்குள் போய்ச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை எடுத்துவைத்த பிறகே அந்தத் திருட்டு பிடிபட்டது. தேரி மணல் வேட்டி அல்ல; அது சாம்பல் அட்டைக்குப் பக்கத்து வீடு. அங்கே நான் திருத்தம் எதுவும் வைப்பதில்லை, காலை வெயில் நேராக விழும் இடத்தில் −0.3 அல்லது −0.7 வைக்கிறேன். 'விவிட்', 'லேண்ட்ஸ்கேப்' போன்ற நிறம் கூட்டும் பாணிகளையும் அணைத்துவிட்டு, கேமரா மெருகேற்றாத மூலப் பதிவான ரா கோப்பாக மட்டுமே எடுக்கிறேன். ரா கோப்பில் எடுத்தாலும் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் கேமரா தனக்குள் செய்துகொள்ளும் ஜேபெக் படத்திலிருந்து வருவது. அந்தப் பாணிகள் அதை மேலும் கலைத்துவிடும்.

இனி மேடுபள்ளத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். காய்ந்த மணலைக் கையால் அள்ளி ஒரே இடத்தில் மெல்ல ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு ஊற்றினாலும் அது ஒரு சரிவுக்கு மேல் நிமிராது, சரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சரிவு ஏறக்குறைய 32 முதல் 34 பாகை. மணல்மேட்டில் காற்று வரும் பக்கம் சாய்வு மெலிதாகவும், காற்று மறைந்த பக்கம் செங்குத்தாகவும் இருக்கும் என்றாலும், அந்தச் செங்குத்துப் பக்கம்கூட இந்த 34 பாகையைத் தாண்டாது. இதன் பொருள் மிக எளிது. சூரியன் அடிவானத்திலிருந்து 34 பாகைக்கு மேல் ஏறிவிட்டால், மணல்மேட்டின் எந்தப் பக்கமும் நிழலில் இருக்க முடியாது. நிழல் இல்லாத மேடு கேமராவுக்கு மேடே அல்ல, வெறும் மஞ்சள் தாள். முதல் பயணத்தில் ஜீப் எங்களைக் கொண்டுபோய் இறக்கிய பிற்பகல் இரண்டு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் இருந்திருக்கும். என் 600 படங்களில் பாதியின் தலையெழுத்து ஓட்டுநர் பிரேக் போட்ட நொடியிலேயே முடிவாகிவிட்டது.

மணலின் மேற்பரப்பில் காற்று இழுக்கும் அலைவரிகளுக்குக் கணக்கு இன்னும் கடுமையானது. தேரியில் ஒரு நாள் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே அலைவரியை முக்கால் மணி நேரம் பார்த்திருக்கிறேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நான்கு விரல் இடைவெளி. உயரம் ஒரு சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. சூரியன் எட்டிப் பார்த்ததும் ஒவ்வொரு வரியும் தன் நிழலை அடுத்த வரியின் முதுகுவரை நீட்டியது. ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு, சூரியன் 6 பாகையில் இருக்கும்போது ஒன்பதரை சென்டிமீட்டர் நிழல் விழும். ஆக மணலில் பாதிக்கு மேல் கருநீலம், மிச்சம் செந்தணல். இருபது நிமிடத்தில் நிழல் பாதியாகச் சுருங்கியது. பிறகு வரிகளின் ஓரத்தில் மட்டும் மை தீட்டியதுபோல ஒரு கோடு. அதன் பிறகு ஒரு வண்டு நடந்து போன தடம் மட்டும் சற்று நேரம் தெரிந்தது, அதுவும் போயிற்று. பனையிலிருந்து இறங்கி வந்த அண்ணாச்சி ஒருவர், நான் கேமராவைப் பைக்குள் வைப்பதைப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறிட்டுன்னா எல்லாம் ஒண்ணுபோலத்தான் கெடக்கும்லா" என்றார். நான் மூன்று ஆண்டுகளில் கண்டுபிடித்ததை அவர் பதநீர்க் கலயத்தோடு நின்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்.

நம் இலக்கணம் பாலைக்குச் சிறுபொழுதாக நண்பகலையும் பெரும்பொழுதாக வேனிலையும் பின்பனியையும் வகுத்திருக்கிறது. காதலனைப் பிரிந்து தவிக்கும் நெஞ்சுக்கு நண்பகல் பொருத்தம்தான், கேமராவுக்கு ஆகாது. நம் பக்கம் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேராகவே வந்து நின்றுவிடும். பனைமரத்தின் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கிவிடும். நான் வேனிலை விட்டுவிட்டுப் பின்பனியை, அதாவது மாசி பங்குனியை எடுத்துக்கொண்டேன். பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்க்க வேண்டும். தேரிக்குள் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள், மணலில் காலடி படாத இடம் மிஞ்சாது.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தலாக ஏறும்; ஜெய்சால்மரிலோ, அதுவும் குளிர்காலத்தில், சாய்ந்து சாய்ந்து ஏறும். ஜனவரி நடுவில் அங்கே நண்பகலில்கூடச் சூரியன் 42 பாகைக்கு மேல் போவதில்லை. மதுரையில் 59 பாகை. ஆகவே அங்கே நல்ல வெளிச்சம் கூடுதல் நேரம் நீடிக்கும், தேரியில் டீ ஆறுவதற்குள் போய்விடும். தேரியில் பழகிய கைக்கு ஜெய்சால்மர் காலை ஒரு சொகுசு. ஆனால் அங்கே கடிகாரம் ஏமாற்றும்: நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால், மேற்கு ஓரத்திலுள்ள ஜெய்சால்மரில் ஜனவரியில் பொழுது விடிய ஏழரை ஆகிவிடுகிறது. மதுரைப் பழக்கத்தில் ஐந்தரைக்கே மேட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் குளிரில் பல்லைக் கடித்தது நான்தான்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் உயரத்துக்குச் சமமான விஷயம். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்று பழைய கேமரா உறையில் அச்சிட்டிருப்பார்கள். குழந்தையின் முகத்துக்கு அது சரி, மணலுக்கு அது விஷம். நிழல்கள் எல்லாம் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சூரியன் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், அல்லது எதிரே சற்று ஒதுங்கி இருக்க வேண்டும். எதிர்வெயிலில் லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறாமல் இருக்க லென்ஸ் ஹூட் போதாவிட்டால், தொப்பியைக் கையில் பிடித்து மறைத்துக்கொள்வேன். போலரைசர் ஃபில்டருக்கும் இந்தப் பக்கவாட்டு வெயில் பொருந்தி வருகிறது, ஏனென்றால் சூரியனுக்கு 90 பாகை விலகிய வானத்தில்தான் அது முழு வேலை செய்யும். நீலம் ஆழமாகும், தேரிச் செடிகளின் இலைப்பளபளப்பு அடங்கிப் பச்சை தெளியும். 24 மி.மீ.யைவிட அகலமான லென்ஸில் மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள். வானத்தின் ஒரு பக்கம் மை, மறுபக்கம் மோர் என்று ஆகிவிடும்.

அகல லென்ஸை நான் அலைவரிகளுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். கேமராவை முழங்கால் உயரத்துக்கும் கீழே இறக்கி, முன்னால் இருக்கும் வரிகள் அடிவானத்தை நோக்கி ஓடும்படி வைப்பேன். முழுச்சட்டகக் கேமராவில் 24 மி.மீ. லென்ஸில் துளையை எஃப் 11-இல் (எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்) வைத்து, ஆறடி தூரத்தில் கையால் ஃபோகஸ் செய்துவிட்டால், மூன்றடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை துலக்கமாக இருக்கும். இன்னும் கூர்மை வேண்டும் என்று எஃப் 22 வரை போவது வீண்; துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதும் மென்மையாகிவிடும். மற்ற எல்லாவற்றுக்கும் 70-200 மி.மீ. லென்ஸ்தான். பாலைவனம் என்றால் பரந்தது, ஆகவே அகல லென்ஸ் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அகல லென்ஸ் தொலைவில் உள்ள மேட்டைக் கடுகாக்கிவிடும். நீள லென்ஸ்தான் மேட்டுக்குப் பின்னால் மேட்டை அடுக்கி, ஒன்றின் நிழல் இன்னொன்றின் முகட்டைத் தொடும் இடத்தை எடுத்துக் கொடுக்கும்.

அந்த நீள லென்ஸுக்கும் ஒரு பகைவன் உண்டு. தரை சூடானதும் மேலெழும் வெப்பக்காற்றில் ஒளி வளைந்து நெளியும். தொலைவில் இருப்பவை நீருக்குள் இருப்பவைபோல நடுங்கும். நம் முன்னோர் கானல்நீரைப் பேய்த்தேர் என்றார்கள். ஒன்பது மணிக்கு மேல் 200 மி.மீ. லென்ஸில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஃபோகஸ் பழுது என்று எண்ணி நான் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் அந்தப் பேயின் வேலைதான். எவ்வளவு விலையுள்ள லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 'டேலைட்' அல்லது 5,200 கெல்வினில் நிறுத்திவைப்பது நல்லது. தானியங்கியில் விட்டால் காலை வெயிலின் செம்மையைப் பிழை என்று எண்ணி அது திருத்திவிடும்.

மணல் கேமராவுக்குள் நுழைவது பற்றி நான் எழுதாமல் விட்டால் என் லென்ஸ் என்னை மன்னிக்காது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் தேரி மணல் என்ன ஆகும் என்று யோசிக்காமல், ஒரு ஜூலை மாதத்தில் முகட்டில் நின்று லென்ஸ் மாற்றினேன். மூன்று நொடிதான். அன்று மாலையே ஜூம் வளையத்தைத் திருப்பினால் அம்மியில் உப்பை அரைப்பதுபோலக் கரகரத்தது. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் ஏழு வாரம் வைத்திருந்துவிட்டு, உள்ளே மணல் இருந்தது என்ற தகவலையும், ஒரு ரசீதையும், அதே கரகரப்பையும் திருப்பித் தந்தார்கள். அதிலிருந்து மணலுக்குள் லென்ஸ் மாற்றுவதே இல்லை. எந்த லென்ஸ் என்று காரிலேயே முடிவு செய்துகொள்வேன், அல்லது நண்பரின் பழைய கேமராவை இரண்டாவதாக வாங்கிப் போவேன். கேமராவுக்குப் பால் பாக்கெட் தடிமனுள்ள ஒரு பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும் போதும். முன்கண்ணாடியைத் துணியால் துடைப்பதற்கு முன் ஊதுபந்தால் மணலை ஊதிவிட வேண்டும். மணலோடு துடைத்தால் அது துணியல்ல, உப்புத்தாள். டிரைபாடின் நடுக்கணுவை நீட்டாமல் கடைசிக் கணுவை நீட்டினால், பூட்டு மணலுக்குள் புதையாது. வீடு திரும்பியதும் கால்களைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நன்றாகக் காயவைத்துவிடுவேன்.

காலடித் தடம் இன்னொரு தொல்லை. பெரும்பாலும் அது நம்முடைய தடமாகத்தான் இருக்கும். அழகான முகட்டைப் பார்த்ததும் ஓடிப்போய் ஏறிவிட்டு, திரும்பிப் பார்க்கும்போதுதான் படத்தை மிதித்துக்கொண்டே வந்திருப்பது தெரியும். இப்போதெல்லாம் முதலில் நின்று, எந்தப் பக்கத்தை எடுக்கப் போகிறேன் என்று முடிவு செய்து, அதற்கு வெளியே சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன். இருட்டில் நடக்கையில் டார்ச்சும் கணுக்கால் மூடிய ஷூவும் கட்டாயம். சுருட்டைவிரியன் வாழும் மணல் அது.

வெறும் மணலை மட்டும் எடுத்த படத்தில் அந்த மேடு பத்தடியா, நூறடியா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஏதாவது ஒன்று அளவு சொல்ல வேண்டும். தாரில் ஒட்டகத்தை நிறுத்துகிறார்கள். அது இப்போது எல்லாக் காலண்டரிலும் நின்று களைத்துவிட்டது. நம் ஊரில் கிணற்று நீரின் ஆழத்தையும் வெயில் ஏறிய நேரத்தையும் பனை உயரத்தால் அளந்த பழக்கம் உண்டு, தேரியிலும் அளவுகோல் பனைதான். தனிப்பனை ஒன்றைச் சட்டகத்தின் ஓரத்தில் சிறிதாக வைத்துவிட்டால் மேட்டின் உயரம் தானாகப் படிந்துவிடுகிறது.

இரவில் தேரி வேறு முகம் காட்டும். பால்வீதியின் மையப்பகுதி தென்வானத்தில் இருப்பதால், ஜெய்சால்மரில் அது 34 பாகை உயரத்துக்குமேல் வராது. நம் தேரியில் 52 பாகைவரை ஏறி நிற்கும். மே, ஜூன் மாதங்களில் அமாவாசையை ஒட்டிப் போனால் நள்ளிரவு வாக்கில் பனைகளுக்கு மேலே அதைப் பார்க்கலாம். 24 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 3200, பதினைந்து முதல் இருபது நொடி என்று தொடங்கலாம்; அதற்கு மேல் திறந்துவைத்தால் பூமியின் சுழற்சியால் விண்மீன்கள் கோடாகிவிடும். விண்மீன்களின் கோடுகளே வேண்டுமென்றால் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும், ஆனால் அது நம் வானில் ஒன்பது பத்துப் பாகை உயரத்தில் அடிவானத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. ஜெய்சால்மரில் 27 பாகையில் வசதியாகத் தொங்குகிறது. தேரியில் சில பகுதிகள் காப்புக்காடு என்பதால், இரவில் தங்குவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது மரியாதை, பாதுகாப்பும்கூட.

சென்ற ஜனவரியில் தனியாக ஜெய்சால்மர் போனேன். சம் பக்கம் போகாமல், தென்மேற்கே கூட்டம் குறைந்த குரி மணல்மேடுகளுக்குப் போய் மூன்று இரவு தங்கினேன். எடுத்தது மொத்தம் 140 படங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால், மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டேன். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் தவிர மற்ற நேரத்தில் கேமராவைத் தொடவில்லை. எங்கே மேடு எந்தப் பக்கம் சரிகிறது, நாளைக்கு எங்கே நிற்க வேண்டும் என்று வெறுங்கையோடு நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதிக்காரருக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்றே சந்தேகம் வந்துவிட்டது. அந்த 140-இல் ஒன்பது படங்களை அச்சிட்டு வைத்திருக்கிறேன்.

ஒன்பதையும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டு, தேரிக்கு நானும் ஒருநாள் வருகிறேன் என்றார். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். மனிதர் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றார். விடிந்து பத்து நிமிடம், பக்கவாட்டு வெயில், செக்கச்சிவந்த முகட்டின்மேல் அந்த வேட்டி மட்டும் விளக்குத் திரிபோல எரிந்துகொண்டிருந்தது. மீட்டரை ஸ்பாட்டுக்கு மாற்றி, வேட்டியின் வெயில் படும் மடிப்பை மட்டும் அளந்து, அதற்குமேல் ஒன்றே முக்கால் ஸ்டாப் கூட்டி, மூன்று படம் எடுத்தேன். அவர் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்து, என் தோள்துண்டைத் தலைமேலும் திரைமேலும் போர்த்திக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

"வேட்டி மடிப்பு தெரியுது" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். "பாதி மூஞ்சிதான் கருத்துப்போச்சு. இன்னொரு தடவை போய் நிக்கவா?"

அதற்குள் வெயில் ஏறிவிட்டிருந்தது.